ஜெமா எல்-ஃப்னாவுக்கு முதல்முறை போகிறீர்களா? முதலில் சில்லறை மாற்றுங்கள்

மொராக்கோவின் மராகேஷ் நகரில் உள்ள ஜெமா எல்-ஃப்னா சதுக்கத்துக்குள் நான் முதல்முறை நுழைந்தபோது சட்டைப்பையில் இருந்தது ஒரே ஒரு 200 திர்ஹாம் நோட்டு. ஏடிஎம்மில் அப்போதுதான் எடுத்தது. பத்தடி நடப்பதற்குள் ஒருவர் "இந்தியாவா? ஷாருக் கான்!" என்று கையைப் பிடித்துக் குலுக்கினார். கையை உருவிக்கொள்வதற்குள் என் கழுத்தில் ஒரு பாம்பு கிடந்தது. நினைத்த அளவு கனமில்லை, வழவழப்பும் இல்லை. சில்லென்று இருந்தது, அவ்வளவுதான். அவருடைய கூட்டாளி என் கைப்பேசியை வாங்கி நாலு படம் எடுத்துக் கொடுத்தார். அப்புறம்தான் விலை சொன்னார்கள்: ஆளுக்கு நூறு. கையில் இருந்ததோ சரியாக இருநூறு. மீதி கேட்கக்கூட வழியில்லை.

அன்றிலிருந்து மொராக்கோ போகும் நண்பர்கள் யார் கேட்டாலும், ஹோட்டல், விமானம் எல்லாவற்றுக்கும் முன்னால் சில்லறையைப் பற்றித்தான் பேச்சை ஆரம்பிக்கிறேன். ஏமாறாமல் இருப்பதற்காக மட்டும் சொல்லவில்லை. இந்தச் சதுக்கத்துக்கு டிக்கெட் கிடையாது, வாசல் கிடையாது, மேடையும் கிடையாது. கதை சொல்கிறவர்களும் பாடகர்களும் கழைக்கூத்தாடிகளும், வட்டமாக நின்று பார்க்கிறவர்கள் போடும் நாணயங்களில்தான் இங்கே பல தலைமுறைகளாகப் பிழைத்திருக்கிறார்கள். நாணயம் இல்லாமல் போனால் நீங்கள் வேடிக்கை பார்க்க வந்தவர். இருந்தால் அந்த வட்டத்தில் ஓர் ஆள்.

முதல் வேலை: நோட்டை உடைப்பது

மொராக்கோ திர்ஹாம் நாட்டுக்கு வெளியே எளிதில் கிடைக்காது. விமான நிலையத்திலோ ஊருக்குள்ளோ எடுத்துக்கொள்ளலாம். ஒரு டாலருக்கு ஏறத்தாழ ஒன்பது, பத்து திர்ஹாம். ஏடிஎம் பெரும்பாலும் 100, 200 நோட்டுகளைத்தான் தரும். அவற்றோடு நேராகச் சதுக்கத்துக்குப் போகாதீர்கள். வழியில் ஏதாவது ஒரு மளிகைக் கடையில் தண்ணீர் பாட்டில், இன்னொன்றில் பிஸ்கட் என்று வாங்கி உடைத்துவிடுங்கள். 1, 2, 5, 10 திர்ஹாம் நாணயங்கள் ஒரு கைப்பிடி, 20 திர்ஹாம் நோட்டு நாலைந்து. இவை முன்பாக்கெட்டில். மற்றதெல்லாம் உள்பையில், கண்ணில் படாமல். நாணயம் எடுக்கும் பாக்கெட்டிலிருந்து பெரிய நோட்டு எட்டிப் பார்த்தால் பேரம் அங்கேயே தோற்றுவிடும்.

கூடவே நாலு சொற்கள். பேசுவது தாரிஜா என்னும் மொராக்கோ அரபு, பிரெஞ்சும் செல்லும். "சலாம்" எல்லோருக்கும். "லா, ஷுக்ரன்" என்றால் வேண்டாம், நன்றி. "ப்ஷ்ஹால்?" என்றால் எவ்வளவு. "ஸாஃபி" என்றால் போதும், முடிந்தது. இவற்றோடு காதில் விழுந்தவுடன் சுவரோரம் ஒதுங்கவேண்டிய ஒரு சொல் உண்டு: "பாலக்!" பின்னால் கழுதை வண்டியோ மோட்டார் சைக்கிளோ வருகிறது என்று பொருள். கழுதையாவது மெதுவாக வரும்.

எப்போது போவது, எந்தப் பக்கமாக நுழைவது

ஒரே நாளில் இரண்டு முறை போங்கள். காலை ஒன்பது மணிக்கு ஒரு தடவை, சூரியன் மறைவதற்கு முக்கால் மணி நேரம் முன்பு இன்னொரு தடவை. நடுப்பகலில் போய் "இவ்வளவுதானா?" என்று திரும்பியவர்களை எனக்குத் தெரியும். ஜூலை, ஆகஸ்டில் வெயில் சர்வசாதாரணமாக 40 டிகிரியைத் தாண்டும்; அந்த நேரத்தில் அங்கே ஈ, காக்கை இருக்காது. டிசம்பர், ஜனவரி இரவுகளில் ஸ்வெட்டர் வேண்டும், மறந்துவிடாதீர்கள். ரமலானில் பகல் முழுக்க அடங்கிக் கிடந்து, நோன்பு திறந்த பிறகு விழித்துக்கொள்ளும்.

விமான நிலையம் ஐந்தாறு கிலோமீட்டர்தான். 19ஆம் எண் பேருந்து சதுக்கம் பக்கம் வரும். டாக்ஸி என்றால் "குதுபிய்யா" என்று சொல்லி, மீட்டர் போடச் சொல்லுங்கள். மாட்டேன் என்றால் ஏறுவதற்கு முன்பே விலை பேசுங்கள். குதுபிய்யா என்பது 12ஆம் நூற்றாண்டுப் பள்ளிவாசல். அதன் கோபுரம் ஏறத்தாழ 77 மீட்டர். அதன் நிழலில் ஒரு காலத்தில் புத்தக வியாபாரிகள் கடை போட்டிருந்ததால் அந்தப் பெயர். அரபியில் கிதாப் புத்தகம், குதுப் புத்தகங்கள். முஸ்லிம் அல்லாதவர்களுக்கு உள்ளே அனுமதி இல்லை, சுற்றியிருக்கும் தோட்டத்தில் நடக்கலாம்.

அந்தக் கோபுரத்தை முதுகுக்குப் பின்னால் விட்டு, குதிரை வண்டிகள் வரிசையாக நிற்கும் இடத்தைத் தாண்டி நடந்தால் சதுக்கம் விரியும். நுழைந்ததும் திரும்பி ஒருமுறை கோபுரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். இரவில் வழி தவறினால் அதுதான் கலங்கரை விளக்கம். கைப்பேசி வரைபடத்தைவிட நம்பகமானது.

காலையில்: வெறும் தரை

காலையில் போகச் சொன்னதற்குக் காரணம், தரையைப் பார்க்கத்தான். சதுக்கம் என்கிறோமே தவிர அது சதுரமாக இல்லை. கோணல்மாணலான ஒரு பொட்டல். ஓரங்களில் காப்பிக் கடைகள், ஒரு மூலையில் கடைவீதிகளுக்குள் போகும் வாய்கள், நடுவில் ஒன்றுமில்லை. பார்த்து வியக்கும்படி ஒரு கட்டடம் கிடையாது. அந்த ஒன்றுமில்லாததுதான் விஷயம்.

1070 வாக்கில் அல்மொராவித்கள் என்னும் பெர்பர் அரச மரபினர் இந்த நகரத்தை நிறுவி, கல்லால் ஒரு கோட்டை கட்டினார்கள். கோட்டைக்கு வெளியே கிடந்த திறந்தவெளியில் சந்தை கூடியது. தெற்கே அட்லஸ் மலை, மலைக்கு அப்பால் சகாரா; பாலைவனம் தாண்டித் தங்கமும் அடிமைகளுமாக வந்த ஒட்டக வணிகம் இந்த ஊரில்தான் மூச்சு வாங்கியது. தூரத்து வணிகர்கள் வந்து தங்கும் இடத்தில் அவர்களை மகிழ்விக்கிறவர்களும் ஏமாற்றுகிறவர்களும் கூடுவது எந்த ஊரிலும் நடப்பதுதான். இங்கே அந்தக் கூட்டம் கலையவே இல்லை.

பெயருக்குப் பல விளக்கங்கள். "ஜெமா" கூட்டமாகவும் இருக்கலாம், பள்ளிவாசலாகவும் இருக்கலாம். "ஃபனா" என்றால் அழிவு, மரணம். குற்றவாளிகளின் தலையை வெட்டி இங்கே மக்கள் பார்க்க வைத்தார்கள், அதனால் "இறந்தவர்களின் கூட்டம்" என்பார்கள் சிலர். சுற்றுலா வழிகாட்டிகளுக்கு இந்தக் கதை ரொம்பப் பிடிக்கும். எனக்கு அதிகம் பொருந்துவதாகப் படுவது இன்னொன்று. 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆண்ட ஸஅதி என்னும் அரச மரபைச் சேர்ந்த சுல்தான் அகமது அல்-மன்சூர் இங்கே பெரிய பள்ளிவாசல் ஒன்றைக் கட்டத் தொடங்கினார். கொள்ளைநோயும் குழப்பமும் வந்தன. 1603இல் அவரே கொள்ளைநோயில் இறந்தார். கட்டடம் பாதியில் நின்று பாழானது. ஆக, "பாழான பள்ளிவாசல்". சகாராவின் தென்விளிம்பில் உள்ள திம்புக்து நகரில் 17ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட வரலாற்றுக் குறிப்பு இதைத்தான் சொல்கிறது. வெறுமனே "முற்றம்" என்று பொருள்படும் "ஃபினா" என்ற சொல்தான் மூலம் என்பாரும் உண்டு. காலை ஒன்பது மணிக்கு அந்தப் பொட்டலைப் பார்த்தால் அதுவும் சரி என்றுதான் தோன்றும்.

இந்த நேரத்தில் ஆரஞ்சு சாறு வண்டிகள் திறந்திருக்கும். ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு, பழங்களைக் கோபுரமாக அடுக்கியிருப்பார்கள். நெடுங்காலம் ஒரு டம்ளர் 4 திர்ஹாம். இப்போது அதைப்போல இரண்டு மூன்று மடங்கு. கண் முன்னால் பிழியச் சொல்லுங்கள், தண்ணீரும் ஐஸும் வேண்டாம் என்று சொல்லுங்கள். முதல் சில்லறைச் செலவை இங்கே செய்வது நல்லது. ஒரே வண்டியில் இரண்டு நாள் குடித்தால் மூன்றாம் நாள் அவரே கூப்பிட்டு டம்ளரை நிரப்பி, குடித்ததும் மறுபடி கொஞ்சம் ஊற்றுவார்.

மாலையில்: முதலில் மாடி

மாலையில் வந்ததும் கூட்டத்துக்குள் பாய வேண்டாம். ஓரத்துக் காப்பிக் கடை ஒன்றின் மொட்டைமாடிக்கு ஏறுங்கள். கஃபே த ஃபிரான்ஸ், கஃபே கிளாசியே இரண்டும் பழைய இடங்கள். ஏதாவது ஒரு பானம் வாங்கினால்தான் மேலே விடுவார்கள். விலை கீழே உள்ளதைவிடக் கூடுதல், டீ சுமார்தான். அந்தக் காசு டீக்கு இல்லை, இடத்துக்கு. சூரியன் மறைவதற்கு அரை மணி நேரம் முன்பே போனால்தான் ஓரத்து நாற்காலி கிடைக்கும்.

மேலிருந்து பார்க்கும்போது ஒரு விஷயம் பிடிபடும். கூட்டம் கூட்டமாக இல்லை. தண்ணீரில் கல் போட்டதுபோல அங்கங்கே வட்டங்கள். ஒன்று பெரிதாகும்போது பக்கத்தில் இருப்பது சுருங்கும். இதற்குள் தள்ளுவண்டிகளில் இரும்புச் சட்டங்களும் பெஞ்சுகளும் வந்து இறங்கியிருக்கும். காலையில் வெறும் தரையாக இருந்த இடத்தில் ஏறத்தாழ நூறு சாப்பாட்டுக் கடைகள் எழுந்து, விளக்குப் போட்டு, புகை கிளப்பத் தொடங்கும். தினமும் கட்டி, நள்ளிரவுக்குப் பிறகு பிரித்துக்கொண்டு போவார்கள். பாங்கு சொல்லும்போது பல வட்டங்களில் வாத்தியம் நிற்கும். ஒவ்வொரு பள்ளிவாசலின் குரலும் கொஞ்சம் முன்பின்னாக வந்து ஒன்றன்மேல் ஒன்று விழும்.

இதே மாடி வரிசையில் உள்ள ஆர்கானா என்ற கடையில் 2011 ஏப்ரல் 28 அன்று குண்டு வெடித்து 17 பேர் இறந்தார்கள். 2023 செப்டம்பர் 8 இரவு நிலநடுக்கத்தில் சதுக்கத்தின் ஓரத்திலிருந்த கர்பூஷ் பள்ளிவாசல் கோபுரம் சரிந்தது. வீட்டுக்குள் போகப் பயந்த குடும்பங்கள் போர்வையோடு வந்து படுத்தது இந்தத் தரையில்தான்.

கஃபே த ஃபிரான்ஸில் பல ஆண்டுகள் மாலைதோறும் வந்து உட்கார்ந்தவர் ஸ்பானிய எழுத்தாளர் ஹுவான் கோய்த்திசோலோ. இந்த ஊரிலேயே குடியிருந்து 2017இல் இங்கேயே இறந்தவர். 1990களில் சதுக்கத்தைச் சுற்றி நவீனக் கட்டடங்கள் எழும்பும் என்ற பேச்சு வந்தபோது அவர் யுனெஸ்கோவிடம் போனார். அங்கே ஒரு சிக்கல். பழைய நகரம் முழுவதும் 1985லேயே உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்துவிட்டது. ஆனால் அந்தப் பட்டியல் கல்லையும் சுவரையும்தான் காக்கும்; கதை சொல்கிறவனை எப்படிக் காப்பது? 1997இல் மராகேஷிலேயே இதற்காக ஒரு கூட்டம் நடந்தது. அதன் விளைவாகத்தான் வாய்மொழிப் பாரம்பரியத்துக்கென்று தனியாக ஒரு பிரிவு பிறந்தது. 2001இல் அறிவித்த முதல் 19இல் இந்தச் சதுக்கமும் ஒன்று. நம் பக்கத்து வீட்டுக் கூடியாட்டமும் அதே பட்டியலில்தான் இருந்தது. இப்படிப்பட்ட மரபுகளைக் காக்க 2003இல் வந்த சர்வதேச உடன்படிக்கைக்கும் விதை இங்கே போட்டதுதான்.

சரி, டீ ஆறிவிட்டது. இறங்குவோம்.

வட்டத்தில் நிற்பது எப்படி

அந்த வட்டத்துக்கு "ஹல்கா" என்று பெயர். அதை நடத்துகிறவர் "ஹ்லைகி". கதைசொல்லி, பாடகர், கழைக்கூத்தாடி, மருந்து விற்பவர், எல்லோருமே. முதலில் கவனிக்க வேண்டியது, யார் நிற்கும் வட்டம் என்பது. சுற்றியிருப்பவர்கள் எல்லோரும் கேமரா வைத்திருந்தால் நகர்ந்துவிடுங்கள். அங்கியணிந்த கிழவர்கள், தோளில் குழந்தையைத் தூக்கிய அப்பாக்கள், வேலை முடிந்து சைக்கிளைப் பிடித்தபடியே நிற்கும் ஆட்கள் இருந்தால் அதுதான் உங்கள் வட்டம். பெண்கள் தனியாகப் போனால் குடும்பங்கள் நிற்கும் பக்கம் சேர்ந்து நிற்பது வசதி. நெரிசலில் உரசுகிறவர்கள் இங்கேயும் உண்டு.

விளிம்பில் நின்று எட்டிப் பார்ப்பவரை ஹ்லைகிக்குப் பிடிக்காது; வட்டம் உடைகிறது. ஒரு அடி முன்னால் வந்து தோளோடு தோளாக நில்லுங்கள். பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள். படம் எடுக்க வேண்டுமானால், முதலில் நாணயம், பிறகு கேமரா. 5 அல்லது 10 திர்ஹாம் போதும், கூச்சப்படாதீர்கள்; உள்ளூர்க்காரர்கள் 1, 2தான் போடுகிறார்கள்.

கதைசொல்லிகள் குறைந்துவிட்டார்கள். முன்பு பலர் இருந்த இடத்தில் இப்போது ஒருவர் கிடைத்தாலே அதிர்ஷ்டம். தொலைக்காட்சி பாதிக் கூட்டத்தைக் கொண்டுபோனது, பக்கத்து ஒலிபெருக்கி மீதிக் கூட்டத்தை. நான் பார்த்தவர் எழுபது வயதிருக்கும். மடக்கு ஸ்டூல், கையில் தடி. எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. ஆனால் ராஜா பேசும்போது தடி செங்கோலானது, கிழவி பேசும்போது ஊன்றுகோலானது, அப்புறம் அதுவே கதவுத் தாழ்ப்பாள். தாழ்ப்பாளை விலக்கப் போன இடத்தில் கையை அந்தரத்தில் நிறுத்தினார். அப்படியே நிறுத்திவிட்டு, மறு கையால் தொப்பியைக் கழற்றி நீட்டினார். ஒரு சிறுவன் அதை வாங்கிக்கொண்டு சுற்றிவந்தான். கதவு திறக்குமா என்று தெரிய வேண்டுமானால் காசு விழ வேண்டும். என் 5 திர்ஹாம் விழுந்த சத்தத்துக்குத் தலையாட்டினார். தொப்பி திரும்பி வந்து, அவர் எண்ணிப் பார்த்து, முகம் சுளித்து, இன்னொரு சுற்று அனுப்பினார். பிறகுதான் தாழ்ப்பாள் நகர்ந்தது. கதவுக்குப் பின்னால் என்ன இருந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கூட்டம் "ஆ!" என்றது, நானும் சொன்னேன்.

இரவு ஏறினால் க்னாவா வட்டங்களைத் தேடுங்கள். சகாராவுக்குத் தெற்கிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்த இசை இது. கிம்ப்ரி என்ற மூன்று தந்தி வாத்தியம் அடிவயிற்றில் அதிரும். கையில் க்ரகெப் என்னும் இரும்புச் சிப்ளா. சங்கிலிச் சத்தத்தின் நினைவு அது என்று சொல்வார்கள். இந்த இசையும் 2019இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. அவசரமாகப் பார்த்தால் ஒரே தாளம் திரும்பத் திரும்ப வருவதுபோல இருக்கும். இருபது நிமிடம் நின்றால்தான் உள்ளே இழுக்கும்.

இன்னொன்றையும் விட்டுவிடாதீர்கள்: குளிர்பான பாட்டில்களை நிறுத்திவைத்து, தூண்டில் கம்பின் நுனியில் தொங்கும் வளையத்தைப் பாட்டில் கழுத்தில் மாட்டும் விளையாட்டு. சில திர்ஹாம்தான். ஜெயிக்க மாட்டீர்கள். பக்கத்தில் நிற்கும் பத்து வயதுப் பையன் ஜெயிப்பான்.

ஒதுங்கிப் போக வேண்டியவை

பாம்பைப் பற்றி அனுபவத்தோடு சொல்கிறேன்: கைட்டா என்ற ஊதுகுழல் சத்தம், நாதஸ்வரத்தை மேல் சுருதியில் பிடித்ததுபோல இருக்கும், கேட்டதுமே இரண்டு கையையும் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு விலகி நடங்கள். நின்று பார்த்தாலே காசு கேட்பார்கள். சங்கிலியில் கட்டிய குரங்குகளும் அப்படித்தான். அவை பார்பரி மக்காக் இனம், அழிவின் விளிம்பில் இருப்பவை. படம் எடுக்கக் கொடுக்கும் ஒவ்வொரு திர்ஹாமும் மலையிலிருந்து இன்னொரு குட்டியைப் பிடித்துவரச் சொல்லும் கூலி.

மருதாணிப் பெண்கள் பேசிக்கொண்டே கையைப் பிடித்து இரண்டு கோடு இழுத்துவிடுவார்கள். அப்புறம் "பரிசு" என்பார்கள். கடைசியில் விலை வரும். மருதாணி வேண்டுமென்றால் விலை பேசி உட்காருங்கள். கருகருவென்று இருக்கும் கறுப்பு மருதாணி மட்டும் வேண்டாம், அதில் முடிச்சாயத்து ரசாயனம் கலந்திருக்கும், தோல் வெந்துபோகும்.

சந்துகளில் "அந்த வழி மூடியிருக்கிறது, சதுக்கம் இந்தப் பக்கம்" என்று வழிகாட்டும் பையன்களிடம் "லா, ஷுக்ரன்". நடையை மட்டும் நிறுத்த வேண்டாம்.

சாப்பாடு

கடைகளுக்கு எண் உண்டு, ஒவ்வொரு எண்ணுக்கும் வெள்ளை அங்கி போட்ட கூவுகிறவர் உண்டு. உங்கள் முகத்தைப் பார்த்து நாட்டைக் கண்டுபிடித்து ஒரு நடிகர் பெயரால் கூப்பிடுவார்கள். சிரித்துவிட்டுக் கடந்து, ஒருமுறை எல்லா வரிசையையும் சுற்றி வாருங்கள். உள்ளூர்க்காரர்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் பெஞ்சில் இடம் பிடியுங்கள். விலைப் பட்டியல் கேட்டு வாங்குங்கள். கேட்காமலே ரொட்டி, ஆலிவ், சட்னி வந்தால் அவை இலவசமா என்று கேளுங்கள். இல்லையென்றால் திருப்பி அனுப்பலாம்.

துணிந்தவர்களுக்கு நத்தை. மூலிகை போட்டுக் கொதிக்கவைத்த கரும் ரசத்தில் ஒரு கிண்ணம், குத்தி எடுக்க ஊசி. நத்தையைவிட ரசம்தான் நன்றாக இருக்கும். கடைசிச் சொட்டு வரை குடிப்பார்கள். தங்கியா என்பது இந்த ஊருக்கே உரியது: மண்ஜாடியில் இறைச்சி, ஊறுகாய் எலுமிச்சை, சீரகம், குங்குமப்பூ போட்டு வாயைக் கட்டி, பொதுக் குளியலறை அடுப்பின் சாம்பலில் பல மணி நேரம் புதைத்துவைப்பார்கள். சதுக்கத்தின் வடக்கு ஓரச் சந்தில் மதியமே கிடைக்கும்.

சைவம் சாப்பிடுபவர்கள் கவனமாக இருக்க வேண்டும். ஹரிரா சூப்பிலும் காய்கறிக் குஸ்குஸிலும்கூட இறைச்சிச் சாறு இருக்கலாம். கத்தரிக்காய் ஸாலூக், அவித்த மொச்சை வகையில் செய்த பிஸாரா, காலையில் மடிப்பு மடிப்பாகச் சுடும் மஸ்மன் ரொட்டி. நம் பரோட்டாவின் சதுர வடிவத் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். இவற்றை வைத்துச் சமாளித்துவிடலாம். சதுக்கத்தின் கடைகளில் மது கிடையாது.

கடைசியாக, பெரிய செப்புப் பாத்திரங்களில் ஆவி பறக்கும் வரிசைக்குப் போய் "ஹுதன்ஜால்" என்னும் தேநீர் கேளுங்கள். முதல் மிடறிலேயே தொண்டையில் ஒரு பழக்கமான காரம். எனக்குச் சட்டென்று இருமல் கஷாயம் ஞாபகம் வந்தது. விசாரித்தால், அந்தப் பெயருக்கே பொருள் சித்தரத்தைதான். பட்டை, கிராம்பு, இஞ்சி எல்லாம் சேர்ந்திருக்கும். கூடவே ஒரு கரண்டி மாவுப் பண்டம் தருவார்கள், செல்லு என்று பெயர்: வறுத்த மாவு, பாதாம், எள். தேநீர் சில திர்ஹாம்தான். பாக்கெட்டில் மிஞ்சிய நாணயங்களுக்குச் சரியாக இருக்கும்.

திரும்பும்போது

பழைய நகருக்குள் ரியாத் என்னும் முற்றம் வைத்த வீட்டு விடுதியில் தங்கியிருந்தால், வெளியே கிளம்பும் முன்பே அருகிலுள்ள நகர வாசல் அல்லது பள்ளிவாசலின் பெயரைத் தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கடைகள் அடைத்ததும் பகலில் பார்த்த சந்து வேறு சந்தாகிவிடும். புதிய நகரத்தில் தங்கியிருந்தால், சதுக்கத்தின் வாயிலேயே நிற்கும் டாக்ஸிகளை விட்டுவிட்டு, குதுபிய்யாவைத் தாண்டி ஐந்தாம் முகம்மது சாலையில் ஓடும் வண்டியைக் கைகாட்டி நிறுத்துங்கள். சரியான தொகையைக் கையில் வைத்துக்கொண்டு ஏறுங்கள். ஓட்டுநரிடம் மீதி இருக்காது.